மிச்சிலும் எச்சிலும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



'உணவு வீணாதலும் அதனைக் குறைக்கும் வழிகளும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. மனையியல் துறையினர்க்குரிய பொருளைத் தமிழ்த்துறையில் பணியாற்றும் ஒருத்திக்கு ஏன் தந்தார்கள் என்று முதலில் வியந்தேன். எண்ணிப் பார்க்கையில், இது தமிழாசிரியர்க்கும் உரிய பொருள்தான் என்று தெளிந்தேன். உணவைப் பற்றிய நம் பழக்கங்கள் கெடுவதற்கு முன்பே உணவைப் பற்றிய நம் சொற்கள் தேய்ந்துபோயின. இரண்டு சொற்களை மட்டும் இவ்வவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

மிஞ்சுவது மிச்சம், அதுவே மிச்சில். எஞ்சுவது எச்சம், அதுவே எச்சில். இரண்டும் மீதி என்னும் ஒரே பொருளில் தோன்றிய சொற்களே. இலக்கணம் கற்றோர்க்கு எச்சம் இழிவான சொல்லன்று. பெயரெச்சமும் வினையெச்சமும் தம்மை முடித்துவைக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பவை. ஒருவர்க்குப் பின் இவ்வுலகில் எஞ்சி நிற்கும் மக்களையும் புகழையும் வள்ளுவர் எச்சம் என்றே வழங்குகிறார். ஆனால் எச்சில் என்ற சொல் காலப்போக்கில் வாய்பட்டது, தீண்டத்தகாதது என்னும் பொருளுக்குள் சுருங்கிவிட்டது. மிச்சில் என்ற சொல்லோ வழக்கிலிருந்தே மறைந்தது.

இவ்விரு சொற்களையும் என் வசதிக்காக இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். பழைய நூல்கள் எல்லா இடத்தும் இந்தப் பாகுபாட்டைக் கடைப்பிடித்தன என்று நான் வாதிட வரவில்லை. பாத்திரத்தில் கைபடாது எஞ்சியிருப்பது மிச்சில். இலையில் எஞ்சியிருப்பது எச்சில். மிச்சில் நாளை நமக்கே உணவாகலாம். இன்றே இன்னொருவர்க்கு உணவாகலாம். எச்சிலை மாட்டுக்கும் உரக்குழிக்கும் தவிர வேறெதற்கும் தர இயலாது. ஒன்று மற்றொன்றாக மாறுவது எந்தக் கணத்தில்? பரிமாறுபவர் கரண்டியை இலைக்கு மேல் கவிழ்க்கும் அந்தக் கணத்தில். உணவு வீணாதலைப் பற்றி நான் கூற வந்தவற்றுள் பாதி, அந்தக் கரண்டியைப் பற்றியதுதான்.

அண்மையில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். பந்தியில் சென்று அமர்வதற்கு முன்பே இலைகள் எல்லாம் நிறைந்திருந்தன. எண்ணினேன், பத்தொன்பது வகைகள். எனக்கு இடப்புறம் ஆறு வயதுச் சிறுமி. வலப்புறம் நீரிழிவு நோயுள்ள முதியவர். இருவர் இலையிலும் அதே இரண்டு இனிப்புகள், அதே அளவு பொரியல், அதே அளவு சோறு. முதியவர் இனிப்புகளை இலையின் ஓரத்திற்குத் தள்ளி வைத்தார். சிறுமி அப்பளத்தையும் ஓர் இனிப்பையும் உண்டு எழுந்துவிட்டாள். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னே அடுத்த பந்திக்குரியவர்கள் இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கும்போது எவர்தான் நிதானமாக உண்பர்? இலைகள் மடிக்கப்பட்டன. மடித்த இலைக்குள் என்ன இருந்தது என்பது எடுத்துச் சென்ற பணியாளர்க்கு மட்டுமே தெரியும்.

பரிமாறிய இளைஞர்களை நான் குறைகூற மாட்டேன். இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்த ஒப்பந்தத்தில், ஒரு பந்தியை விரைந்து எழுப்பி அடுத்த பந்தியை அமர்த்துவதே அவர்கள் வேலை. கேட்டுக் கேட்டுப் பரிமாற நேரமில்லை. முன்கூட்டியே நிரப்பிவிடுவது எளிது. முன்பு நம் திருமண வீடுகளில் பந்தி விசாரித்தல் என்றொரு கடமை இருந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தியின் தலைப்பிலிருந்து கடைசி இலைவரை நடந்து, இன்னார்க்கு இன்னது வேண்டும், இன்னது போதும் என்று பார்த்துப் பார்த்துக் குரல் கொடுப்பார். அதனை வெறும் உபசாரம் என்று எண்ணியிருந்தோம். அது உபசாரமும் ஆகும், அளவையும் ஆகும். பந்தி விசாரிப்பவர் இல்லாத பந்தியில் எல்லார் வயிறும் ஒரே அளவு என்று ஒப்பந்தக்காரர் முடிவு செய்துவிடுகிறார்.

நிறைந்த இலையைக் கண்டு மகிழும் பெரியவர்களையும் நான் புரிந்துகொள்கிறேன். 1965ஆம் ஆண்டில் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்திற்கு ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். அதற்கிணங்கத் திங்கட்கிழமை மாலைகளில் பட்டினி கிடந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். குறைந்த இலையைக் கண்டு அஞ்சிய தலைமுறை, தன் பேரப்பிள்ளையின் திருமணத்தில் இலை வழிய வழிய இடுவது இயல்பே. ஆனால் விருந்தின் பெருமையை உண்டவர் மனநிறைவால் அளந்த காலம் போய், இலையில் எஞ்சியதால் அளக்கும் காலம் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

எண்ணிக்கைகள் சிலவற்றைக் கூறவேண்டும், சுருக்கமாகவே கூறுவேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன். தோல், எலும்பு, கொட்டை போன்ற உண்ணாப் பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடைகளையும் உணவகங்களையும் சென்றடைந்த உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதே ஆண்டில் உலகில் பசித்துக் கிடந்தோர் 70 கோடிக்கும் மேற்பட்டோர். ஒரு கிலோ நெல் விளைய வயலுக்குப் பாய்ச்ச வேண்டிய நீர் சராசரியாக 2,500 லிட்டர் என்பர் வேளாண் அறிஞர். காவிரி நீருக்காக ஆண்டுதோறும் குரல் கொடுக்கும் நாம், அந்நீரைச் சோறாக்கிக் குப்பைத் தொட்டியில் ஊற்றுகிறோம். அத்தொட்டிகள் சென்று சேரும் குப்பைமேடுகளில் உணவு காற்றுப்படாமல் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு எழுகிறது. புவி வெப்பமாவதற்குக் காரணமான வாயுக்களுள் அது ஒன்று, எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டில் பற்றிய தீ, நாட்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி நான் அறிந்த துறைக்கு வருகிறேன். மணிமேகலையை நாம் பசிப்பிணி தீர்த்த காப்பியம் என்று போற்றுகிறோம். அதற்குள் உணவை வீணாக்கிய ஒருத்தியின் கதையும் இருப்பதை ஏனோ எவரும் எடுத்துப் பேசுவதில்லை. அவள் காயசண்டிகை. விஞ்சையர் குலத்து மங்கை. கணவனோடு வான்வழியே பொதியில் மலைக்கு வந்தவள். அங்குக் காட்டாற்று மணலில், தேக்கிலையின்மேல், பனம்பழம் போன்று பெரிய நாவற்கனி ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் கனி. அதனை உண்டு நோன்பு முடிப்பதற்காக அங்கு வைத்துவிட்டு நீராடச் சென்றிருந்தான் விருச்சிக முனிவன். காயசண்டிகை அக்கனியைக் காலால் மிதித்துச் சிதைத்துவிட்டாள். பசியால் உண்டிருந்தால் ஒருவேளை முனிவன் பொறுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவள் உண்ணவில்லை, மிதித்தாள். அடுத்த கனி பழுத்து, அதனை நான் உண்ணும் நாள்வரை நீ யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்துக என்று சபித்தான். பன்னிரண்டு ஆண்டுகள். எவ்வளவு உண்டாலும் அடங்காத அப்பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவை உண்ட பின்னரே அடங்கியது.

இக்கதையை மாணவியர்க்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒரு பழத்தை மிதித்ததற்கு இத்தனை பெரிய தண்டனையா, அம்மா என்று அவர்கள் கேட்பார்கள். அது ஒரு பழமன்று. ஒருவருடைய பன்னிரண்டு ஆண்டு என்று நான் விடை கூறுவேன். உணவை அதன் பின்னுள்ள காலத்தோடு சேர்த்துக் காணும் பார்வை சாத்தனார்க்கு இருந்தது. இதைவிட முக்கியமான வேறொன்றும் உண்டு. சாத்தனார் வகுத்த அறத்தில், உணவை வீணாக்கியவளே பசித்தாள். நம் காலத்தில் வீணாக்குபவர் ஒருவர், பசிப்பவர் வேறொருவர். அவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. வீணாக்குபவர்க்கு வலிக்காத வரையில் அறிவுரைகளால் பெரிய பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை. கவிஞர்களே, பசியைப் பற்றிய கவிதைகள் நம் மன்றக் கவியரங்குகளில் குறைவின்றி வந்திருக்கின்றன. மடித்த இலையைப் பற்றி எவரும் பாடியதாக எனக்கு நினைவில்லை.

திருமணக் கூடத்தையே குறைகூறிக்கொண்டிருப்பது நமக்கு வசதியானது. ஏனெனில் அது பிறர் வீட்டுக் குற்றம். நான் முன்பு குறிப்பிட்ட அறிக்கையோ, வீணாகும் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்துதான் வருகிறது என்கிறது. ஆகவே நம் அடுக்களைக்குள் நுழைந்தே ஆகவேண்டும்.

நம் பழைய அடுக்களையில் புதிய சோற்றுக்கும் குப்பைக்கும் இடையே எத்தனை படிகள் இருந்தன! இரவில் மிஞ்சிய சோறு நீரில் ஊறிக் காலையில் பழையது ஆயிற்று. அந்நீர் நீராகாரம் ஆயிற்று. அதற்கும் மிஞ்சியது வெயிலில் காய்ந்து வடகம் ஆயிற்று. தென்மாவட்டத் திருமண வீடுகளில் மறுநாள் மிஞ்சிய குழம்பும் கறியும் ஒன்றாய்ச் சுண்டிச் சுண்டக்கறி ஆயின. அதற்காகவே இன்னும் ஒருநாள் தங்கிச் செல்லும் உறவினர் உண்டு. அரிசி களைந்த கழுநீர்கூட மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததனால் அது உணவாக இருந்தது. இன்று அத்தனை பெயர்களுக்கும் பதிலாக 'நேற்று வைத்தது' என்ற ஒரு தொடர்தான் இருக்கிறது. நேற்று வைத்தது குளிர்ப்பெட்டிக்குள் சென்று, மூன்றாம் நாள் பின்வரிசைக்கு நகர்ந்து, ஐந்தாம் நாள் மனச்சான்றை உறுத்தாமல் குப்பைக்குச் செல்கிறது. (பழையது என்றதும் முகம் சுளிப்பது இக்காலப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. பழஞ்சோற்றை வெறுத்து, புதிதாக அவல் இடித்த உழவர் வீட்டுச் சிறுவர்களைப் பெரும்பாணாற்றுப்படையிலேயே காணலாம்.)

ஆயினும் பழைய அடுக்களையைப் போற்றிப் பாடுவதோடு நிறுத்திக்கொள்ள என்னால் இயலாது. அந்த அடுக்களையில் மிச்சத்தை எல்லாம் உண்டவர் யார்? வள்ளுவர் உண்ணும்போதெல்லாம் வாசுகியார் ஒரு கிண்ணத்தில் நீரும் ஓர் ஊசியும் வைத்திருந்தார் என்றும், சிந்திய சோற்றுப் பருக்கையைக் குத்தி எடுத்துக் கழுவி உண்பதற்காக அவை வைக்கப்பட்டன என்றும், ஒரு பருக்கையும் சிந்தாததால் ஊசிக்கு வாழ்நாள் முழுதும் வேலையே இல்லை என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. கதையை மெய்யென்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அக்கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் அதனை மனைவிக்குரிய பாடமாகவே சொல்கிறார்கள். வீணாக்காமை பெண்ணின் பொறுப்பு என்று எழுதப்படாத சட்டம் ஒன்று அதற்குள் இருக்கிறது. எல்லாரும் உண்டு எழுந்தபின், கீழே கொட்ட மனமில்லாமல், பிள்ளை வைத்த பாதித் தோசையையும் நேற்றைய குழம்பையும் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் இவ்வவையில் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொன்னால், ஆண்கள் வரிசை அசையாது. வீணாக்காமை என்ற அறத்தைப் பெண்ணின் வயிற்றைக் குப்பைத் தொட்டியாக்கி நடத்துவது அறமன்று. அது உணவை வீணாக்காமல் உடலை வீணாக்குவது.

அப்படியானால் வழி என்ன? சமைத்தபின் என்ன செய்வது என்று எண்ணுவதைவிடச் சமைக்குமுன் எண்ணுவதே வழி. எங்கள் இல்லத்தில் ஒரு மாதம் ஒரு சிறு குறிப்பேட்டை அடுக்களை ஆணியில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு நாளும் எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்பதை எழுதினோம். நான் மட்டும் எழுதவில்லை, கணவரும் பிள்ளைகளும் முறைவைத்து எழுதினர். மாத முடிவில் பார்த்தபோது, பெரும்பாலான நாட்களில் காரணம் சமையலில் இல்லை. 'வெளியே சாப்பிட்டுவிட்டேன்' என்று உலை வைத்தபின் வந்த செய்திதான் காரணம். அன்று முதல் மாலை நான்கு மணிக்குள் சொல்லாதவர், மறுநாள் காலை அந்தச் சோற்றைப் பழையதாக உண்ண வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. ஆழாக்கும் உழக்கும் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று அளந்த பாட்டிமாருக்குக் கணிதம் தெரிந்திருந்தது; அவர்கள் காலத்தில் எத்தனை தலை என்பதும் தெரிந்திருந்தது. நமக்கு அந்த எண்ணிக்கைதான் தெரிவதில்லை.

மிஞ்சியதைப் பிறர்க்குக் கொடுத்துவிடலாமே என்று அன்பர்கள் கேட்பர். நல்ல கேள்வி. ஆபுத்திரன் கதை அதற்கு விடை கூறும். சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்று மதுரையில் பலர்க்கு உணவளித்தவன் அவன். மழை வளம் சுரந்து பாண்டி நாடு செழித்ததும் அவனிடம் உணவு கேட்பார் எவருமில்லை. பசியுள்ள சாவக நாட்டைத் தேடிக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். கையில் வற்றாத பாத்திரம் இருந்தும் உண்பாரைக் காணாமல் உயிர் நீத்தான். உணவு இருக்குமிடத்திற்கும் பசி இருக்குமிடத்திற்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. திருமணக் கூடத்திற்கும் முதியோர் இல்லத்திற்கும் இடையே இரண்டு கல் தொலைவுதான் எனினும், நம் ஊர் வெப்பத்தில் சமைத்த சோறு சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் அதுவும் கடல்தான். இரவு பதினொரு மணிக்கு அண்டாவோடு சென்று கதவைத் தட்டினால், உறங்கும் முதியவர்கள் எழுந்து உண்பார்களா? பெறுபவரிடம் முதல்நாளே பேசி, வண்டியை முதல்நாளே ஏற்பாடு செய்து, கைபடாத உணவை முதற்பந்தியின்போதே தனியே எடுத்து வைத்தால் மட்டுமே அது உணவாகச் சென்று சேரும். இத்தகைய மிகையுணவைப் பாதுகாப்பாகப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் விதிமுறைகளை வகுத்துள்ளது. ஔவையின் ஆத்திசூடித் தொடர் ஒன்றையே பெயராகச் சூட்டி, சென்னைப் பெசன்ட் நகரில் 2017இல் வீதியோரக் குளிர்ப்பெட்டி ஒன்றை நிறுவினார்கள். கொடுப்பவர் வைத்துச் செல்லலாம், வேண்டுபவர் எடுத்துச் செல்லலாம்.

இவை எல்லாம் நற்பணிகளே. எனினும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கொல்லைப்புறத்தில் நின்று மிச்சச் சோறு வாங்கியவர்களின் வரலாறு நம் ஊர்களில் நெடியது. நாம் உண்டு மிஞ்சியதை ஏழைகள் உண்ணட்டும் என்ற எண்ணத்தில் அந்தக் கொல்லைப்புறத்தின் நிழல் விழுந்திருக்கிறது. இவ்விடத்தில் வள்ளுவரிடம் திரும்பிச் செல்லவேண்டும். விருந்தோம்பல் அதிகாரத்தில் அவர் மிச்சில் என்ற சொல்லை ஆள்கிறார். அங்கே மிச்சிலை உண்பவர் யார்? விருந்தினர் அல்லர், ஏழையும் அல்லர். விருந்தினர் உண்டபின் எஞ்சியதை உண்பவர் வீட்டுக்குரியவர்தாம். அத்தகையவருடைய நிலத்துக்கு விதையிடலும் வேண்டுமோ என்று கேட்கிறார் வள்ளுவர். முதற்பங்கு பிறர்க்கு, மிச்சில் நமக்கு. நாம் அவ்வரிசையை அப்படியே தலைகீழாக்கி, முதற்பங்கை நமக்கும் மிச்சிலைப் பிறர்க்கும் ஆக்கிக்கொண்டு, அதற்குக் கொடை என்று பெயரும் வைத்துக்கொண்டோம். பெரியபுராணத்து இளையான்குடி மாறனார், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியவர்க்காக, அன்று விதைத்த நெல்முளையை இருளில் தடவித் தடவி வாரி வந்தார். அவர் வீட்டில் மிச்சம் எதுவும் இல்லை, முதல்தான் இருந்தது. அந்த முதலையே கொடுத்தார்.

நம் வீடுகளில் இந்த முதற்பங்குக்கும் ஒரு பெயர் இருந்தது. பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, மாத இறுதியில் மடத்துக்கோ அன்னதானத்துக்கோ அளித்த பழக்கம் அது. அதன் நுட்பத்தைப் பாருங்கள். சமைக்காத அரிசி கெடாது; ஆகவே விரைந்தோட வண்டி வேண்டா. நாம் உண்ணுமுன் எடுத்ததாகையால் பெறுபவர்க்கு இழிவில்லை. ஒவ்வொரு நாளும் உலையில் ஒரு பிடி குறைவதால், சமைப்பவர் கை அளவைக் கற்றுக்கொள்கிறது. கொடையும் சிக்கனமும் ஒரே கைப்பிடியில் நிகழ்கின்றன. நூறு உறுப்பினர் வீடுகளில் நாளுக்கு ஐம்பது கிராம் எடுத்து வைத்தாலும் மாதத்துக்கு 150 கிலோ அரிசி சேரும்.

இம்மன்றத்தின் செயற்குழுவிடம் சென்ற வாரமே இதனைப் பேசினேன். இன்று பகலுணவுக்குச் சமைப்பதற்கு முன்பே, 25 கிலோ அரிசி இவ்வூர் முதியோர் இல்லத்துக்குக் காலையில் சென்று சேர்ந்துவிட்டது. பந்தியில் உங்கள் இலைகள் வெறுமையாகவே இருக்கும், திகைக்க வேண்டா. நீங்கள் அமர்ந்தபின் கேட்டுத்தான் பரிமாறுவார்கள். பந்தி விசாரிக்கும் பொறுப்பை மூத்த உறுப்பினர் இருவரும் நானும் ஏற்றிருக்கிறோம். வெட்கப்படாமல் வேண்டியதைக் கேளுங்கள். வேண்டாததை வேண்டாவென்று இலைக்குமேல் கையை நீட்டித் தடுங்கள். அடுத்து வரும் கவியரங்கத்தில் கவிஞர்கள் தமக்குரிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்களாயின், சோறு ஆறுமுன் நாம் அனைவரும் உணவுக்கூடம் செல்லலாம் என்று சமையற்கட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது.